கடுகு டாக்டரின் மூச்சு

எங்கள் தெருவில் யாருக்காவது வயிற்றுவலி வந்தால் முதலில் என் அண்ணி வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வாசலில் 'டாக்டர்' என்று பலகை தொங்கினால் பின்னே என்ன செய்வார்கள்? அண்ணி பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். தான் செடிகளுக்குத்தான் டாக்டர் என்று விளக்குவாள். பிறகு மருந்துக்கடையில் வேலை செய்யும் என்னிடம் அனுப்பிவைப்பாள். இப்படித்தான் அவளுக்குக் கடுகு டாக்டர் என்ற பட்டம் வந்தது. படித்து வாங்கிய பட்டத்தைவிட இந்தப் பட்டம்தான் ஊருக்குள் வேகமாகப் பரவியது.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே தெருவில் குடியிருந்தால் உருப்படாது என்று சொந்தக்காரர்கள் ஆரூடம் சொன்னார்கள். எங்களுக்குள் ஒரு சண்டையும் வரவில்லை. சண்டை போட அண்ணிக்கு நேரமில்லை என்பதும் ஒரு காரணம்.

ஊரின் கிழக்கு ஓரத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அண்ணி அங்கேதான் வேலை பார்த்தாள். அவளுடைய பயிர் ரேப்சீட். கடுகுக்குப் பங்காளி முறை. இடுப்பளவு வளரும், கொத்துக் கொத்தாக மஞ்சள் பூ பூக்கும், ஊசிபோல நீண்ட காய்க்குள் கறுப்பு மணிகளாக விதை இருக்கும். எங்கள் பக்கத்தில் எண்ணெய்க் கடுகு என்பார்கள். பழங்காலத்தில் முட்டைக்கோஸ் இனமும் டர்னிப் இனமும் தற்செயலாகக் கலந்து உண்டான செடி அது என்று அண்ணி சொல்வாள். "ரெண்டு வீட்டுப் பெரியவங்களையும் கேக்காம நடந்த கல்யாணம், எங்களுது மாதிரியே" என்று அண்ணனைப் பார்த்துச் சிரிப்பாள். அண்ணன் ஜன்னல் வேலைக்காரன். அலுமினியச் சட்டம், கண்ணாடி, இதுதான் அவன் தொழில். நிலையத்தின் கண்ணாடி வீட்டில் ஆலங்கட்டி மழையில் உடைந்த கண்ணாடிகளை மாற்றப் போனவன், வேலை முடிந்த பிறகும் ஏதாவது ஒரு விரிசலைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்வந்தான். அது கடைசியில் கல்யாணத்தில் முடிந்தது.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று யாராவது சொன்னால் அண்ணிக்குச் சிரிப்பு வரும். அந்தக் காரத்தையும் கசப்பையும் குறைக்கத்தானே எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்பாள். ஆனால் அவளுடைய உண்மையான கவலை காரம் இல்லை, காய். எங்கள் ஊர் காற்றுக்குப் பேர்போனது. எண்ணெய்க் கடுகின் காய் முற்றிக் காய்ந்துவிட்டால் ஒரு நல்ல காற்று போதும், படபடவென்று வெடித்து விதை முழுக்க மண்ணில் கொட்டிவிடும். அறுவடைக்கு ஆள் வருவதற்குள் செடியில் வெறும் சக்கைதான் நிற்கும். அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் யாரும் அந்தப் பயிரைத் தொடுவதில்லை.

காய் வெடிக்காத ஒரு காட்டுச் செடியை அண்ணி எங்கிருந்தோ தருவித்து நல்ல ரகத்தோடு கலந்தாள். பிறந்த பிள்ளைகளுக்குக் காய் கெட்டி, ஆனால் எண்ணெய் மோசம். இதயத்துக்கு ஆகாத எருசிக் அமிலம் மறுபடி தலைதூக்கியது. மூக்கும் முழியும் அம்மாவைப் போல, குணம் மட்டும் அப்பனைப் போல என்பார்களே, அந்த மாதிரி. அதிலிருந்து நல்லதைப் பொறுக்கி மறுபடி நல்ல ரகத்தோடு கலந்து, மறுபடி பொறுக்கி, வருஷக்கணக்கில் இதையே செய்தாள். மொட்டு விரிவதற்கு முன்னால் இடுக்கியால் அதைத் திறந்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தத் தண்டுகளையும் சூலகத்தில் கீறல் விழாமல் எடுத்துவிட்டு, வேறு பூவின் மகரந்தத்தைத் தடவி, காகித உறை மாட்டுவாள். கூடவே எண்ணெய்க்காரர் இருந்தார். விதையை நசுக்கி எண்ணெயில் எந்த அமிலம் எவ்வளவு என்று கருவியில் பார்ப்பவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். அவள் கலப்பாள், அவர் அளந்து உதட்டைப் பிதுக்குவார்.

அவர் உதட்டைப் பிதுக்காத வருஷம் ஒன்று வந்தது. காயும் கெட்டி, எண்ணெயும் சுத்தம். அண்ணி அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணனைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதே பருவத்தில்தான் தும்மல் ஆரம்பித்தது.

முதலில் சளி என்றாள். கண் சிவந்தால் தூசி என்றாள். இருமல் மருந்து வாங்க என் கடைக்கு வந்தவள் அடுத்த வாரமும் வந்தாள். பூக்காலம் முடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். மறுவருஷம் பூ வந்தபோது நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்டது. நான் டாக்டரிடம் போகச் சொன்னேன். பூ முடியட்டும், இப்போது வேலையை விட்டு நகர முடியாது என்றாள். ஒரு நாள் காலை கண்ணாடி வீட்டுக்குள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. மேசை விளிம்பைப் பிடித்தபடி மண்டியிட்டு, வாய் திறந்திருக்க, உள்ளே காற்று போகாமல் உதடு நீலம் பாய்ந்து கிடந்தாளாம். எண்ணெய்க்காரர்தான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

ஆஸ்பத்திரியில் மூச்சு சீரான பிறகு நுரையீரல் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, என்ன வேலை செய்கிறீர்கள் என்பது. அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

தோலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்ய அந்த மருத்துவமனையில் ரேப்சீட் மகரந்தத்துக்கான மருந்து கிடையாது. நிலையத்திலிருந்து மகரந்தத்தை அனுப்பினால் கரைசலாக்கித் தருவதாகச் சொன்னார்கள். அண்ணி எண்ணெய்க்காரரிடம் ஒரு மகரந்தத்தை மட்டும் கேட்கவில்லை. தன்னிடம் இருந்த வெவ்வேறு ரகங்களிலிருந்தெல்லாம் கேட்டாள். ஏனென்று டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான் கூட இருந்தேன், எனக்குப் புரிந்தது. ஏதாவது ஒரு ரகம் தன்னை விட்டுவைக்குமா என்று பார்க்க ஆசைப்பட்டாள். காட்டுச் செடியின் வம்சத்தில் அந்தக் குணம் இல்லாமல் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பிக்கலாம் அல்லவா?

முன்கையில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொன்றின் கீழும் பேனாவால் குறியிட்டு, ஊசிமுனையால் லேசாகக் கீறினார்கள். அண்ணி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொசு கடித்த மாதிரி ஒவ்வொரு புள்ளியாகத் தடித்து எழும்பியது. காட்டுச் செடியின் புள்ளி கொஞ்சம் தாமதித்தது. அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அதுவும் எழும்பியது.

"எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

"ஆமா. ஒரே குடும்பம்" என்றாள் அண்ணி.

சில மகரந்தங்களுக்கு ஊசி போட்டு உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கும் சிகிச்சை உண்டு. இதற்கு அப்படித் தயாரான மருந்து இல்லை, இவ்வளவு திணறல் வரும் உடம்பில் அதைச் செய்து பார்க்கவும் முடியாது என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தள்ளி இருப்பதுதான் மருந்து என்றார். அண்ணனுக்குக் கோபம் வந்தது. கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. பூவைத் திட்ட முடியுமா, காற்றைத் திட்ட முடியுமா? வெளியே வந்து வண்டிக் கதவை ஓங்கிச் சாத்தினான், அவ்வளவுதான்.

நிலையத்தில் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒருவராவது கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இயக்குநர் அவளுக்குக் காற்றை வடிகட்டும் முகக்கவசம் வாங்கித் தந்தார். அதை மாட்டிக்கொண்டு இடுக்கியைப் பிடித்தால் கவசத்தின் கண்ணாடியில் ஆவி படிந்து மொட்டு தெரியவில்லை. சோதனைக்கூடத்துக்கு மாற்றினார்கள். விதையை அரைக்கும்போது எழும் தூளும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தனி அறையில் கணினி முன் உட்காரவைத்து, மரபணுக் குறிகளின் கணக்குகளை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். வயலில் இருந்து வருகிறவர்கள் குளித்து உடை மாற்றிக்கொண்டுதான் அவள் அறைக்குள் நுழைந்தார்கள். எண்ணெய்க்காரர் தன் மீசையையே எடுத்துவிட்டார், அதில் மகரந்தம் ஒட்டுமாம். அவரை மீசையில்லாமல் பார்த்தபோது அண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்படியும் அடுத்த பூக்காலத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டாவது தடவைக்குப் பிறகு வேலையை விட்டாள்.

கடைசிக் கள சோதனைகளை மற்றவர்கள் முடித்தார்கள். கைபேசியில் படம் காட்டிச் சந்தேகம் கேட்பார்கள். நாளடைவில் சந்தேகங்கள் குறைந்தன. நன்றாகத்தான் செய்கிறார்கள் என்று அண்ணி என்னிடம் சொன்னாள். அதைச் சொன்ன விதத்தில் குறையும் இல்லை, நிம்மதியும் இல்லை.

ரகத்துக்கு அனுமதி கிடைத்தது. நிலையத்து வயலிலேயே பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள், செடிகள் பூத்து நிற்கும்போது. பூ இல்லாத மாதத்தில் வைக்கலாமே என்று அண்ணன் கேட்டுப் பார்த்தான். விருந்தாளிகளுக்குப் பூவைத்தான் காட்ட வேண்டுமாம். அவனே அவள் சார்பில் போனான். மேடையில் ஏறி, என்ன பேசுவதென்று தெரியாமல், "அவங்க வீட்ல இருக்காங்க" என்று மட்டும் சொல்லி ஒரு கேடயத்தை வாங்கிக்கொண்டு வந்தான். வந்தவன் நேராக உள்ளே போக முடியாது. கொல்லைப்புறக் குழாயில் குளித்து, கேடயத்தையும் சோப்புப் போட்டுக் கழுவினான். கழுவியதில் அதில் ஒட்டியிருந்த தங்கநிற எழுத்து பாதி உரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் யாரும் யோசிக்காதது. காய் வெடிக்காத எண்ணெய்க் கடுகு வந்துவிட்டது, எண்ணெய் ஆலை முழு விளைச்சலையும் எடுத்துக்கொள்கிறது என்றதும் விவசாயிகள் போட்டி போட்டுக்கொண்டு விதைத்தார்கள். புல்லும் பார்லியும் இருந்த நிலமெல்லாம் மாறியது. முதல் வருஷம் பேருந்து நிலையத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சள் தெரிந்தது. மறுவருஷம் பள்ளிக்கூடத்துச் சுவர்வரை வந்தது. மொட்டைமாடியில் நின்று பார்த்தால் ஊர் ஒரு தீவு மாதிரி இருந்தது. வேலையை விட்டுவிட்டு வந்தவளைத் தேடிக்கொண்டு வேலையே வீட்டுக்கு வந்துவிட்டது.

அண்ணன் தன் தொழில் முழுவதையும் அந்த வீட்டின்மேல் இறக்கினான். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டான். சட்டங்களின் இடுக்கில் ரப்பர் பட்டை வைத்தான். கதவுக்கு அடியில் காற்று நுழையாமல் தூரிகைப் பட்டை அடித்தான். புகைபோக்கியையும் அடைத்தான். உள்ளே காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் நாள் முழுக்க ஓடியது. ஊர் முழுக்க ஜன்னல் போட்டுத் தந்த மனுஷன் தன் வீட்டில் மட்டும் ஒன்றையும் திறக்காமல் வைத்திருந்தான். அப்படியும் யாராவது கதவைத் திறந்து மூடினால் போதும், ஒரு மணி நேரத்தில் விசில் ஆரம்பித்துவிடும். பூக்காலத்தில் அண்ணி ஒரே ஒரு உள்ளறையில் இருந்தாள். நான் வேலை முடிந்து குளித்துத் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு போய்ப் பேசிக்கொண்டிருப்பேன்.

அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தின் சொந்தக்காரரைப் பின்வயல்காரர் என்போம். அதிகம் பேசாத மனிதர். ஒரு நாள் மாலை நான் அண்ணி வீட்டில் இருந்தபோது மணி அடித்தது. உள்கதவைச் சாத்திவிட்டுப் போய் வாசல் கதவைத் திறந்தேன். தோய்த்த சட்டையும் வாரிய தலையுமாகப் பின்வயல்காரர் நின்றார். கையில் ஒரு பெரிய மஞ்சள் கொத்து. இந்தப் பருவம் அவரும் அண்ணியின் ரகத்தை விதைத்திருந்தார். தன் வயலின் முதல் பூவை அதை உண்டாக்கியவரிடமே கொடுக்க வந்திருக்கிறார். சந்தோஷத்தில் ஒரு காலைப் படிக்குள் வைத்துவிட்டார்.

நான் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளிக் கதவை அறைந்து சாத்தினேன். என் வாழ்க்கையில் ஒரு பெரியவரிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. பக்கவாட்டு வழியாக வெளியே போய், முற்றத்தில் திகைத்து நின்றவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொத்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"எனக்கு யாரும் சொல்லலையேம்மா. நம்ம கடுகு டாக்டரம்மாவுக்கு நெஞ்சு சரியில்லைன்னு மட்டும்தான் கேள்விப்பட்டேன்."

மறுநாள் தொலைபேசியில் அண்ணியிடம் பேசினார். வீட்டை ஒட்டிய பகுதியை உழுதுவிடுகிறேன், ஆலைக்குப் பதில் சொல்வது என் பாடு என்றார். அண்ணி வேண்டாம் என்றாள்.

"நீங்க உழுதா பக்கத்து வயல்ல இருந்து வரும். அவர் உழுதா அதுக்கு அடுத்த வயல்ல இருந்து வரும். காத்துக்கு வரப்பு தெரியாதுங்க. நல்லா விளைஞ்சிருக்கு, விட்டுடுங்க."

பேசி முடித்த பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டாள். செடி எந்த உயரம், கிளை எத்தனை விட்டிருக்கிறது என்று அவரிடம் கேட்டிருக்கலாமே என்றாள். நான் வேண்டுமானால் பார்த்துச் சொல்லட்டுமா என்றேன். அந்த வயலுக்குப் போனால் நீ அப்புறம் இங்கே வரமுடியாதே என்றாள்.

ஊரில் சிலர், யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட மாதிரி என்று பேசினார்கள். மருந்து வாங்க வந்த இடத்தில் ஒருவர் என் காதுபடவே சொன்னார். நான் மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

பிறகு ஓர் ஏற்பாடு செய்தோம். துறைமுக ஊர் ஒன்றில் வயலே கிடையாது. மீன், டீசல், உப்புக்காற்று, அவ்வளவுதான். அங்கே ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். மொட்டு விடும்போது அண்ணியை அங்கே கொண்டுபோய் விடுவது, பூ கொட்டிக் காய் பிடித்ததும் கூட்டிவருவது. பிறந்தவீட்டுக்குப் போய்வருகிற மாதிரி என்று அவளே கேலி செய்துகொண்டாள். சில வருஷம் அது ஓடியது.

போன வருஷம் குளிர் சரியாக விழவில்லை. எண்ணெய்க் கடுகு குளிரைக் கணக்கு வைத்துத்தான் பூக்குமாம். கணக்கு தவறியதாலோ, சூடு முந்தியதாலோ, எப்போதும் பூக்கும் நாளுக்கு வெகு முன்பே பூத்துவிட்டது. அண்ணியின் பெட்டி பாதி அடுக்கிக் கிடந்தது. செடி மொட்டு கட்டிவிட்டது என்று படத்தில் பார்த்து, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று முதலில் சொன்னதும் அவள்தான். அண்ணன் வண்டியைப் பழுதுபார்க்க விட்டிருந்தான். கூட்டாளி ஒருவரின் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு மத்தியானம் கிளம்பினார்கள். ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் வயல்களுக்கு நடுவேதான் போக வேண்டும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் தலையை மூடிக்கொண்டு போனாள். வழியெல்லாம் இரண்டு பக்கமும் மஞ்சள். அண்ணன் பிறகு சொன்னான், ஓட்டிக்கொண்டே இருந்தேன், முடியவே மாட்டேன் என்கிறது என்று. துறைமுகத்துக்குப் போய்ச் சேரவில்லை, பாதி வழியில் இருந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் நுரையீரல் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. இனி ஊருக்கு வரவே வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது துறைமுக ஊரில்தான் இருக்கிறாள். அண்ணன் பட்டறையை மூடிவிட்டு அங்கேயே போய்விடத் துடிக்கிறான். உப்புக்காற்று அரிக்கிற ஊரில் ஜன்னல் வேலைக்குப் பஞ்சமே இருக்காது என்கிறான். வேண்டாம், உங்கள் கூட்டாளிகள் எல்லாம் நம்ம ஊரில்தானே என்கிறாள் அவள். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்பதாக இல்லை. அவன் வாராவாரம் போய்வருகிறான். அவர்களுடைய மகள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள், லீவு கிடைத்தால் நேராகத் துறைமுக ஊருக்குத்தான் போகிறாள்.

நான் போன மாதம் போயிருந்தேன். அண்ணியின் அறைக்குப் பக்கத்துக் கடையில் அவளுடைய ரகத்தில் ஆட்டிய எண்ணெய் புட்டிகளில் அடுக்கியிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அதை நான் வாங்குறேனே. வீட்ல அதுலதான் சமைக்கிறேன். சுத்திகரிச்ச எண்ணெய்ல ஒண்ணும் மிச்சம் இருக்காது, அது என்னை ஒண்ணும் பண்ணாது."

"எப்படி அண்ணி உங்களால முடியுது?"

"நல்ல எண்ணெய்டி அது" என்றாள்.

நிலையத்தில் இருந்து இன்னும் கணக்குகள் அனுப்புகிறார்களா என்று கேட்டேன். முன்பு அனுப்பினார்கள், இப்போது புதிய ரகத்தில் இறங்கிவிட்டார்கள், அதன் பெற்றோரே வேறு, இவளுக்கு அதைப் பற்றித் தெரியாது. எண்ணெய்க்காரர் ஓய்வு பெற்றுவிட்டார், மீசை மறுபடி வளர்ந்துவிட்டதாம், படம் அனுப்பியிருக்கிறார்.

மாலையில் கப்பல்துறைப் பக்கம் நடக்கப் போனோம். முன்பு வயல் வரப்பில் அவளோடு நடந்தால் நான்தான் மூச்சு வாங்கிப் பின்தங்குவேன். இப்போது அவள் சின்னச் சின்ன அடியாக வைத்து, வழியில் இருக்கும் ஒவ்வொரு பெஞ்சுக்கும் குறிவைத்துப் போகிறாள். முதல் பெஞ்சில் உட்காரவில்லை, பிடிவாதம். இரண்டாவதில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை, பிடித்துக்கொண்டேன். வேலை முடிந்த துறைமுகத் தொழிலாளிகள் எங்களைக் கடந்து சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். மூச்சு கொஞ்சம் அடங்கியதும், "போலாம்" என்றாள். எந்தப் பக்கம் என்று நான் கேட்டேன். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று அறையின் பக்கம் கையைக் காட்டினாள்.